சிம்பாப்வேயில் 12 நாட்கள்: மின்னேரியாவில் யானை பார்ப்பவர்கள் அங்கே எதற்குப் போக வேண்டும்?

உவர்மலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். வருகிற ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் அப்பா, அம்மா, நான், பத்து வயது மகன் ஆகிய நால்வரும் சிம்பாப்வேக்குப் போவதென்று ஏறக்குறைய முடிவெடுத்திருக்கிறோம். என் தம்பி ஹராரேயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் வேலை செய்கிறான். அவனுடைய ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிவதால், அவன் அங்கே இருக்கும்போதே போய்வந்தால்தான் உண்டு. அவனுக்கு 12 நாட்கள் லீவு கிடைக்கும், வாகனத்தையும் அவனே ஓட்டுவான்.

எங்கே போவது என்பதில்தான் வீட்டில் நாளாந்தம் வழக்கு நடக்கிறது. வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, மகா சிம்பாப்வே என்ற இடிந்த பழைய நகரத்தின் கற்சுவர்களைப் பார்க்க முடியாதென்றால் தான் வரவே இல்லை என்கிறார். மகனுக்குச் சிங்கம் வேண்டும். தம்பியோ, அதற்காக மஸ்விங்கோ நகரப் பக்கம் போவது வீண் சுற்று என்றும், விமானத்தில் நேரே விக்டோரியா நீர்வீழ்ச்சிக்குப் போய், அருகிலுள்ள ஹ்வாங்கே தேசியப் பூங்காவில் யானைகளைப் பார்த்துத் திரும்புவதே புத்தி என்றும் சொல்கிறான். "யானை பார்க்க இந்து சமுத்திரத்தைத் தாண்ட வேண்டுமா, மின்னேரியாவுக்கு இரண்டு மணித்தியாலத்தில் போய்விடலாமே" என்பது அம்மாவின் கேள்வி. அந்தக் கேள்விக்கு எங்கள் எவரிடமும் பதில் இல்லை.

அங்கே வாழ்ந்தவர்கள், போய்வந்தவர்கள் எவராவது இருந்தால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று சொல்லி உதவுங்கள். அப்பாவுக்கு முழங்கால் வருத்தம் உண்டு. அம்மா மச்சம் மாமிசம் தொடுவதில்லை.

பழைய ஹராரேக்காரர் எழுதியது:

மகள், நான் தொண்ணூறுகளில் ஆறு வருடம் ஹராரேயில் பொறியியலாளராக வேலை செய்தவன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை போய்வந்திருக்கிறேன். இந்த வழக்கில் நான் உங்கள் அப்பாவின் பக்கம். தம்பி கோபிக்கக் கூடாது.

மஸ்விங்கோ வீண் சுற்று அல்ல. ஹராரேயிலிருந்து தெற்கே ஏறத்தாழ 290 கிலோமீற்றர், அதாவது நாம் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகும் தூரத்தைவிடச் சற்றே கூட. மகா சிம்பாப்வே அங்கிருந்து அரை மணித்தியாலப் பயணம். பிறகு மேற்கே 280 கிலோமீற்றர் போனால் புலவாயோ நகரம், அதன் பக்கத்தில் மத்தோபோ குன்றுகள். புலவாயோவிலிருந்து விக்டோரியா நீர்வீழ்ச்சிக்கு 440 கிலோமீற்றர், ஹ்வாங்கே அந்த வீதியிலேயே குறுக்கே வருகிறது. நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள நகரத்திலேயே சர்வதேச விமான நிலையம் இருப்பதால் நீங்கள் அங்கிருந்தே ஊர் திரும்பலாம். தம்பி புலவாயோவில் ஒரு இரவு தங்கி வாகனத்தை ஹராரேக்குக் கொண்டுபோகட்டும். மஸ்விங்கோவுக்கு இரண்டு இரவு, புலவாயோவுக்கு மூன்று, ஹ்வாங்கேக்கு மூன்று, நீர்வீழ்ச்சிக்கு இரண்டு என்று வைத்தால் ஹராரேயில் இளைப்பாறவும் நாள் மிஞ்சும்.

இனிக் கற்சுவர் பற்றி. "பெரிய சுற்றுமதில்" என்று அழைக்கப்படும் கட்டடத்தின் வெளிச்சுவர் ஏறத்தாழ 250 மீற்றர் சுற்றளவும், சில இடங்களில் 11 மீற்றர் உயரமும் கொண்டது. சாந்து என்ற பேச்சே இல்லை. அந்தப் பகுதியின் கருங்கல் குன்றுகள் பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் தாமாகவே தட்டுத் தட்டாக உரிகின்றன. உரியாத இடத்தில் நெருப்பு மூட்டிப் பாறையைச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றிப் பிளந்திருக்கிறார்கள். அப்படிக் கிடைத்த பலகைபோன்ற கல்லைச் செங்கல் அளவுக்கு உடைத்து வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். சுவரில் கைவைத்துப் பார்த்தால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் விரல் நகம் நுழையும், ஆனால் கல் அசையாது. உள்ளே இரண்டு உயர்ந்த சுவர்களுக்கு நடுவே ஒரு இடுக்குப் பாதை செல்கிறது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். நண்பகலிலும் அதற்குள் குளிர்ச்சியாக இருக்கும். அந்தப் பாதை கொண்டுபோய் விடும் இடத்தில் ஏறத்தாழ 10 மீற்றர் உயரக் கூம்புக் கோபுரம் நிற்கிறது. அதற்குள் ஏதோ புதையல் இருக்கிறதென்று கிளறிப் பார்த்தவர்கள் பலர். அது முழுக்கக் கல்தான், உள்ளே வெற்றிடம் கிடையாது.

ஷோனா மக்களின் முன்னோர்கள் 11ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் கட்டிய நகரம் இது. 1871இல் அங்கே வந்த கார்ல் மவுக் என்ற ஜெர்மானியர், வாசல் உத்தரத்திலிருந்து ஒரு மரச்சிராயை எடுத்துத் தன் பென்சிலின் மரத்தோடு ஒப்பிட்டு, இது லெபனான் தேவதாரு, ஆகவே இது விவிலியத்தில் வரும் ஷேபா இராணியின் மாளிகை என்று முடிவுகட்டினார். ஒரு பென்சிலை வைத்து எழுதிய வரலாறு! 1905இல் டேவிட் ரண்டல்-மக்கைவரும், 1929இல் கேர்ட்ரூட் கேற்றன்-தொம்சனும் முறையாக அகழ்ந்து, இது ஆபிரிக்கர்களின் வேலைதான் என்று நிறுவினார்கள். ஆனால் நாட்டை ரொடீசியா என்ற பெயரில் வெள்ளையர் ஆண்டபோது அந்த உண்மையைச் சொல்வது 1970களில்கூடத் தொல்லியலாளர்களுக்கு இலேசாக இருக்கவில்லை. 1980இல் சுதந்திரம் பெற்றபோது அந்த நாடு இந்த இடிபாட்டின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது ஏன் என்பது அங்கே நின்று பார்க்கும்போதுதான் விளங்கும். கொடியில் இருக்கும் பறவையும் இங்கே கிடைத்த மாக்கற் சிற்பங்களின் வடிவம்தான். அவற்றை வளவிலுள்ள அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: அங்கே அகழ்ந்தபோது சீனப் பீங்கானும் பாரசீகக் கலன்களும் தென்னாசியக் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. பொன்னும் தந்தமும் மொசாம்பிக் கரையிலிருந்த சோஃபாலாத் துறைமுகத்துக்கு இறங்கி, அங்கிருந்து கப்பலேறின. அந்தக் கப்பல்கள் வாடைக்காற்றில் தெற்கே இறங்கிச் சோளகத்தில் திரும்பியவை. நம் மன்னார் மாந்தைத் துறைமுகத்தைக் கிழக்குக்கும் மேற்குக்கும் சந்திப்பாக வைத்திருந்ததும் அதே இரண்டு காற்றுகள்தான். வகுப்பில் ஒரு தவணை முழுக்கப் படிப்பிக்கக்கூடிய விஷயம் அந்த அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பிடி மணியாக இருக்கிறது.

முழங்காலுக்குப் பயப்பட வேண்டாம். பெரிய சுற்றுமதில் சமதரையில் இருக்கிறது. குன்றின்மேலுள்ள பகுதிக்குப் பழைய பாதை, புதிய பாதை என்று இரண்டு வழிகள் உண்டு. பழையது பாறை இடுக்கில் செங்குத்தாக ஏறுவது, புதியது வளைந்து மெல்ல ஏறுவது. காலையில் புதிய பாதையால் போகலாம், முடியாவிட்டால் கீழே நின்றாலும் நட்டமில்லை.

ஹபரணை ஜீப் எழுதியது:

அம்மாவின் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அது சரியான கேள்வி. நான் கந்தளாயைச் சேர்ந்தவன். மின்னேரியாவிலும் கவுடுல்லவிலும் பல வருடமாக ஜீப் ஓட்டுகிறேன். 2018இல் ஒரு வெளிநாட்டுப் புகைப்படக் குழுவின் உதவியாளாக ஹ்வாங்கேயில் ஒன்பது நாட்கள் இருக்கும் வாய்ப்புக் கிடைத்தது.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில கணக்குகள் தருகிறேன். ஹ்வாங்கேயின் பரப்பு ஏறத்தாழ 14,600 சதுர கிலோமீற்றர், அதாவது நம் கிழக்கு மாகாணம் முழுவதையும் அதற்குள் வைத்து இன்னும் பாதி மாகாணத்தைச் சேர்க்கலாம். 2011இல் இலங்கை முழுவதும் எண்ணியபோது கிடைத்த யானைகள் 5,879. ஹ்வாங்கேயில் மட்டும் நாற்பதாயிரத்துக்கும் மேல் என்று கணிக்கிறார்கள். ஆனால் எண்ணிக்கைக்காக மட்டும் போக வேண்டாம். ஓரளவுக்கு மேல் யானைகள் கூடினால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான்.

வித்தியாசம் அவை ஏன் கூடுகின்றன என்பதில் இருக்கிறது. மின்னேரியாவில் வறட்சிக் காலத்தில் குளம் வற்ற, வற்றிய தரையில் இளம் புல் முளைக்கிறது; யானைகள் அந்தப் புல்லுக்காகவே வருகின்றன. அதனால்தான் குளத்து நீர் இறங்காத வருடத்தில் நமக்குத் தொழிலும் இறங்கிவிடுகிறது. ஹ்வாங்கேயின் பெரும்பகுதி கலஹாரி மணல், அங்கே வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. 1928இல் அது காப்புநிலமான பிறகு, முதல் காப்பாளரான டெட் டேவிசன் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டித் தண்ணீர் இறைத்து விட்டதால்தான் விலங்குகள் அங்கேயே தங்கின. இன்றும் டீசல் பம்புகளும் சூரியசக்திப் பம்புகளும் ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்கின்றன. மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளத்தில் நம் யானைகள், பம்பு இறைக்கும் மடுவில் அவர்களுடைய யானைகள். இரண்டிடத்திலும் மனிதன் தேக்கிய தண்ணீர்தான். 2023இன் கடைசியில் மழை பிந்தியபோது, இத்தனை பம்புகள் இருந்தும் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் அங்கே செத்தன.

பிரதான முகாமுக்கு அருகில் நியாமண்ட்லோவு என்ற மடு இருக்கிறது, பார்ப்பதற்கு மரத்தால் ஒரு உயர்ந்த மேடையும் அமைத்திருக்கிறார்கள். பின்னேரம் மூன்று மணிக்கே போய் அதில் ஏறி இருந்துவிடுங்கள், வாகனத்தில் சுற்றித் திரிய வேண்டாம். முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு மரங்களுக்குப் பின்னால் புழுதி எழும்பும், ஒரு குடும்பம் வரும்; கடைசி ஐம்பது மீற்றரைக் குட்டிகள் ஓடியே கடக்கும். எல்லா யானையும் மடுவின் கலங்கல் நீரைக் குடிக்காது. பெரியவை நேரே குழாய் வாய்க்குப் போய், தும்பிக்கையை அதற்குள் விட்டு, வந்து விழும் நல்ல தண்ணீரை உறிஞ்சும். பின்னால் நிற்பவை முறைக்காகக் காத்திருக்கும், பொறுமை போனால் தள்ளுப்படும். எனக்கு அந்தக் காலத்து வீதிக்குழாயடி ஞாபகம் வந்தது.

உருவத்திலும் அவை வேறு. காது தோளை மூடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தந்தம் இருக்கும். நம் நாட்டில் கொம்பன் யானையைக் கண்டால் ஊரே பேசும், அங்கே அது சாதாரணம். தும்பிக்கை நுனியில் நம் யானைக்கு ஒரு விரல், அதற்கு இரண்டு. மகனை இதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

சிங்கத்துக்கு எவரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அதிகாலையில் பூங்காவின் வழிகாட்டியோடு திறந்த ஜீப்பில் போனால் நல்ல வாய்ப்பு உண்டு. தம்பியின் வாகனம் காராக இருந்தால் உள்பாதைகளின் மணலில் இறக்க வேண்டாம். பிரதான முகாமுக்குப் போகும் வழியில் காட்டுநாய்களைப் பராமரிக்கும் நிலையம் ஒன்று உள்ளது. மஞ்சள், கறுப்பு, வெள்ளைத் திட்டுகளோடு ஒன்றுபோல் ஒன்று இராத நாய்கள் அவை. இலங்கையில் எந்தக் காட்டிலும் காண முடியாத விலங்கு என்பதால், சிங்கத்தைவிட நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

இன்னொன்று: ஆகஸ்ட் அங்கே குளிர்காலத்தின் கடைசி. மத்தியானம் நல்ல வெயில் எறிக்கும், விடியப்புறம் ஜீப்பில் கை விறைக்கும். நான் திருகோணமலை வெயிலுக்கு வளர்ந்த உடம்போடு ஒரு மெல்லிய சட்டையுடன் போய், முதல் நாள் சாரதியின் போர்வையைக் கடன் வாங்கினேன்.

கோட்டை வாசல் எழுதியது:

பழைய ஹராரேக்காரர் ஐயா மத்தோபோவை ஒரு வரியில் கடந்துவிட்டார். வரலாறு படிப்பித்த ஒருவருக்கு அது மகா சிம்பாப்வேயின் மறுபாதி என்பது என் எண்ணம்.

2003இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. யாரோ விளையாட்டுக்கு அடுக்கியதுபோலப் பாறைமேல் பாறை நிற்கும். அடியில் குகைகள், குகைச் சுவர்களில் வேட்டையாடி வாழ்ந்த சான் மக்கள் தீட்டிய ஓவியங்கள். ந்ஸ்வட்டுகி குகையின் ஒட்டகச்சிவிங்கிகள் ஆயிரக்கணக்கான வருடம் கழிந்தும் நடந்துகொண்டே இருக்கின்றன. வெள்ளை, கறுப்புக் காண்டாமிருகங்கள் இரண்டையும் அங்கே காவலர்களின் துணையோடு பார்க்கலாம்.

அதே குன்றுகளில் ஒன்றின் உச்சியில் செசில் ரோட்ஸ் என்ற பிரித்தானிய ஏகாதிபத்தியவாதியின் கல்லறை இருக்கிறது. நாட்டுக்குத் தன் பெயரையே சூட்டவைத்த அந்த மனிதர், மண்ணின் மக்கள் முன்னோர்களின் ஆவிகள் உறையும் இடமாகக் கருதிய மலிண்டிட்சிமு குன்றைத் தானே தெரிந்தெடுத்து, 1902இல் அங்கே அடக்கம் செய்யப்பட்டார். மகா சிம்பாப்வேயின் கற்பறவைகளில் ஒன்றை விலைக்கு வாங்கித் தன் கேப் டவுன் வீட்டில் வைத்தவரும் அவர்தான். கல்லறையைத் தோண்டி அகற்ற வேண்டும் என்ற குரல் பல தடவை எழுந்தும் அது அங்கேயே இருக்கிறது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து அதன் கற்களால் கட்டிய கோட்டைக்குள்ளால்தான் நாம் இன்றும் கோவிலுக்குப் போகிறோம். வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லைத் தாண்டித்தான் நடக்கிறோம். அந்தப் பழக்கத்தோடு மலிண்டிட்சிமுவில் நிற்கும் ஒருவருக்கு வழிகாட்டியின் விளக்கம் அதிகம் தேவைப்படாது.

பழைய ஹராரேக்காரர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். நான் அங்கே இருந்த காலத்தில் அந்தக் கல்லறைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை, அதனால் எழுதவும் வரவில்லை. குகைகளுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். புலவாயோவுக்கு மேற்கே 22 கிலோமீற்றரில் காமி இடிபாடுகளும் உண்டு. மகா சிம்பாப்வே கைவிடப்பட்ட பிறகு எழுந்த தலைநகரம் அது. சுவரில் சதுரங்கக் கட்டம்போலக் கல் அடுக்கியிருப்பார்கள்.

நுளம்புவலை எழுதியது:

சுகாதாரத் துறையில் வேலை செய்பவள் என்ற முறையில் சில சொல்ல வேண்டும்.

இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதனால் நம் பிள்ளைகளுக்கு மலேரியா என்றால் என்னவென்றே தெரியாது, நம் உடம்பிலும் எதிர்ப்பு இல்லை. ஹ்வாங்கேயிலும் விக்டோரியா நீர்வீழ்ச்சியிலும் மலேரியா உண்டு. ஆகஸ்டில் குறைவு என்பதற்காக அலட்சியம் வேண்டாம். இத்தகைய நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு மலேரியா தடுப்பு இயக்கம் தடுப்பு மாத்திரைகளை இலவசமாகவே கொடுக்கிறது. பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் சொன்ன நாள்வரை விழுங்க வேண்டும். திரும்பிவந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், ஆபிரிக்கா போய்வந்ததை வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நோயைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இன்னும் நம்மிடையே இருக்கிறது, ஒட்டுண்ணிதான் இல்லை.

சிம்பாப்வேயில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் கென்யா, எதியோப்பியா போன்ற நாடுகளினூடாகப் பயணம் அமைந்து அங்கே நீண்ட நேரம் தங்க நேர்ந்தால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போடலாம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியை முதல் தடவை போடும்போது கூடுதல் கவனம் வேண்டும் என்பதால், அப்பா அம்மாவுக்காக, விமானச்சீட்டு எடுக்கும்போதே அந்நாடுகளைத் தவிர்த்த வழியைப் பாருங்கள்.

உவர்மலைவாசி எழுதியது:

உங்கள் எல்லோருடைய பதில்களையும் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். பென்சில் கதையை மூன்று தடவை வாசித்தார். தம்பியும் வீதி வழியாகவே போவதற்குச் சம்மதித்துவிட்டான். "குழாயடியில் நிற்கிற யானையைப் பார்க்கலாம்" என்று அம்மாவும் சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு கேள்விகள்தான்: அம்மா அங்கே என்ன சாப்பிடுவார்? பணத்தை எப்படிக் கொண்டுபோவது?

பழைய ஹராரேக்காரர் எழுதியது:

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். அவர்களுடைய சோறு சட்ஸா என்பது. வெள்ளைச் சோளமாவைக் கிண்டி இறக்குவது, நம் குரக்கன் களியை நிறம் மாற்றிப் பார்த்ததுபோல. கையால் ஒரு பிடி எடுத்து உருட்டி, பெருவிரலால் குழிவு செய்து கறியை அள்ள வேண்டும். நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. கச்சான் அரைத்துச் சேர்த்த கீரையும் அவரைக் கறியும் எங்கும் கிடைக்கும். கீரையை இறைச்சிச் சாற்றில் வதக்கினார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மச்சம் சாப்பிடுகிறவர்கள் கபெண்டாவை விட வேண்டாம். கரிபா நீர்த்தேக்கத்தில் இரவில் விளக்கு வைத்துப் பிடித்து வெயிலில் உலர்த்தும் சின்ன மீன், சந்தையில் குவித்திருப்பதைக் கண்டால் நம் நெத்தலிக் கருவாடு என்றே நினைப்பீர்கள்.

பணம் அமெரிக்க டொலர். 2024 ஏப்ரிலில் ஸிக் என்ற புதிய உள்நாட்டு நாணயம் வந்தாலும், பயணிகளிடம் டொலரைத்தான் விரும்பி வாங்குகிறார்கள். மிச்சக் காசு கொடுக்க அவர்களிடம் சில்லறை இருக்காது, ஆகவே ஒன்று, ஐந்து, பத்து டொலர் நோட்டுகளாகவே கொண்டுபோங்கள். 2008இன் பணவீக்கத்தில் அச்சடித்த நூறு ட்ரில்லியன் டொலர் நோட்டை நீர்வீழ்ச்சிக்கருகே ஞாபகப்பொருளாக விற்பார்கள். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற நமக்கு அதைப் பார்த்துச் சிரிக்க வராது.

நீர்வீழ்ச்சியைச் சிம்பாப்வேப் பக்கத்திலிருந்தே பாருங்கள். 1,708 மீற்றர் அகலத்தில் 108 மீற்றர் ஆழத்துக்கு விழும் நீர் ஏப்ரிலில் தூவானத்தால் தன்னையே மறைத்துக்கொள்ளும், ஆகஸ்டில் திரை விலகியிருக்கும். பாதை சமமானது, அப்பாவால் நடக்க முடியும். விசாவுக்கு, இலங்கைக் கடவுச்சீட்டுக்குரிய பிரிவை அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பார்த்து இப்போதே விண்ணப்பியுங்கள். வீதியில் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆனால் பொழுது சாய்ந்த பிறகு ஓட்ட வேண்டாம் என்று தம்பிக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மாடும் ஆடும் தார்ச்சூட்டுக்காக நடுவீதியில் படுத்திருக்கும்.

மகனிடம் இராணுவ உடைபோல் புள்ளிபோட்ட காற்சட்டை இருந்தால் வீட்டிலேயே விட்டுவாருங்கள். அங்கே பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம்.

உவர்மலைவாசி எழுதியது:

இருந்தது, ஐயா. பையிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது நுவரெலியாவில் வாங்கிய கம்பளிச் சட்டை இருக்கிறது.